மாப்பிள்ளை மாதிரி ஒரு குரல்

வெளிநாட்டில் தன் குடும்பத்தின் ஒரு காசுகூடத் திருட்டுப் போகாது என்று இன்ஸ்பெக்டர் சபதம் எடுத்தார். அதுவரை யாரும் எதையும் திருடியிருக்கவில்லை. பயணத்துக்கு இன்னும் ஒரு மாதம் இருந்தது.

இன்ஸ்பெக்டர் என்றால் போலீஸ் இல்லை. லிஃப்ட் இன்ஸ்பெக்டர். மாடிக் கட்டடங்களின் லிஃப்டுகளைச் சோதித்து, ஓடலாம் அல்லது ஓடக் கூடாது என்று கையெழுத்துப் போடுகிற உத்தியோகம். புதிதாகப் பழகுகிறவர்கள் போலீஸ் என்று நினைத்து எழுந்து நிற்பார்கள். சற்று நேரம் நிற்கவிட்டுத்தான் அவர் திருத்துவார். வீட்டில் யாரும் எழுந்து நின்றதில்லை.

மற்றவர்கள் விழுந்துவிடுவார்களோ என்று கவலைப்பட்டே சம்பளம் வாங்குகிறவர். ஒரு கயிறு இருந்தால், அறுந்தால் என்ன என்று கேட்பார். இரண்டு இருந்தால், இரண்டும் அறுந்தால் என்ன என்று கேட்பார். மனைவி ஒரு பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுப்பவள். அவள் அதிகம் கேட்பதில்லை. தொட்டுப் பார்த்தாலே நரம்பு எங்கே ஓடுகிறது என்று அவளுக்குத் தெரிந்துவிடும். குத்தியதே தெரியாமல் எடுத்துவிட்டுப் பஞ்சை வைத்து, "அவ்வளவுதான், முடிஞ்சுது" என்பாள். நோயாளிகளிடம் மட்டும்தான் இப்படி என்று இன்ஸ்பெக்டர் பல வருடங்களாக நம்பிக்கொண்டிருந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளைக் கட்டிலின் ஓரத்தில் உட்காரவைத்து, போர்வைமேல் இரண்டு கார்டுகளையும் வைத்துத் தன் திட்டத்தை விளக்கினார்.

"இது முதல் கார்டு. என்கிட்ட இருக்கும். இது ரெண்டாவது. உன் கைப்பையில இருக்கும். ஒண்ணு போனா இன்னொண்ணு. சாப்பாட்டுக்கும் பஸ்ஸுக்கும் மட்டும் கொஞ்சம் அந்த ஊர் நோட்டு."

"சரி."

"ரெண்டு கார்டையும் பூட்டி வச்சிடுவேன்."

"பெட்டியிலயா?"

"பேங்க்ல! செலவு வரம்பு பூஜ்யம்னு போட்டுடுவேன். எவன் தூக்கிட்டுப் போனாலும் அவனுக்கு வெறும் பிளாஸ்டிக்தான். நமக்கு வேணுங்கறப்ப நான் பேங்க் தளத்துக்குள்ள போய் வரம்பை ஏத்துவேன். ஏத்தணும்னா என் ஃபோனுக்கு ஆறு இலக்கத்துல ஒரு நம்பர் வரும். அதைப் போட்டாத்தான் பூட்டு திறக்கும்."

"அந்த ஃபோனையே எவனாவது தூக்கிட்டுப் போயிட்டா?"

இந்தக் கேள்விக்காகத்தான் அவர் காத்திருந்தார். பக்கத்து வீட்டுப் பல் டாக்டருக்கு நடந்தது அதுதான். வெளிநாட்டு ரயிலில் கண்ணயர்ந்தவர் விழித்துப் பார்த்தபோது கார்டும் ஃபோனும் ஜோடியாகப் போயிருந்தன. மிச்சப் பயணத்தை பிஸ்கட்டிலேயே ஓட்டினார். ஊரையே வாயைத் திற, வாயைத் திற என்கிற மனிதர் இந்த விஷயத்தில் மட்டும் வாயைத் திறப்பதில்லை. சொன்னது அவர் மனைவி.

"அந்த ஃபோன் நம்பர்தான் நம்மகூட வரப்போறதே இல்லையே!" என்றார் இன்ஸ்பெக்டர். "சிம்மைப் பழைய ஃபோன்ல போட்டு உங்க அம்மாகிட்ட குடுத்துட்டுப் போறோம். எப்படியும் அவங்கதானே வீட்டைப் பாத்துக்க வர்றாங்க. எனக்கு அங்க போய் வேற சிம் வாங்கிக்கறேன். கார்டு ஒரு நாட்டுல. சாவி ஒரு நாட்டுல. ரெண்டையும் சேர்த்துத் திருடணும்னா அவனுக்கு விசா வேணும்."

மனைவி இரண்டாவது கார்டை எடுத்துப் பார்த்தாள்.

"அப்ப நான் ஒரு பொருள் வாங்கணும்னா உங்ககிட்ட சொல்லணும். நீங்க அம்மாகிட்ட கேக்கணும். அம்மா உங்ககிட்ட சொல்லணும்."

"பாதுகாப்புன்னா கொஞ்சம் சிரமம் இருக்கத்தான் செய்யும்."

"திருடனுக்கா, எனக்கா?"

உண்மையில் அந்தத் திட்டத்தில் அவருக்கு மிகவும் பிடித்த பகுதி அவளுக்கு வரும் அந்தச் சிரமம்தான். லிஃப்டுக்கு பிரேக் என்று ஒன்று உண்டு. அது அறுந்த கயிற்றுக்காக மட்டும் இல்லை.

மாமியார் ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். பெட்டியோடு வந்து இறங்கிய அன்றே இன்ஸ்பெக்டர் பழைய ஃபோனை இரண்டு கையாலும் ஏந்தி அவரிடம் ஒப்படைத்தார்.

"அத்தை, இதுல நம்பர் வரும். என்னைத் தவிர யாருக்கும் சொல்லக் கூடாது."

"சொல்ல மாட்டேன்."

"நான்தான்னு சொல்லியே எவனாவது கேப்பான்."

"உங்க குரல் எனக்குத் தெரியாதா மாப்பிள்ளை?"

"இப்பல்லாம் குரலையே திருடறாங்க அத்தை. வீடியோவுல முகத்தையும் போட்டுக்கறாங்க. அவசரம்பான். வரிசையில நிக்கறேன், சீக்கிரம் சொல்லுங்கன்னு பறப்பான். பறந்தாலே திருடன்னு வச்சுக்குங்க. கேள்வி கேளுங்க. எனக்கு மட்டும் தெரிஞ்ச விஷயமாப் பாத்துக் கேளுங்க. உங்களுக்குத் திருப்தியானாத்தான் சொல்லணும்."

மாமியார் கண்ணாடியைக் கழற்றி, முந்தானையால் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டார். வேலையை விட்டபிறகு அவரை யாரும் இப்படி ஒரு நாற்காலியில் உட்காரவைத்ததில்லை.

"பரீட்சை மாதிரி" என்றார்.

"அதேதான் அத்தை."

"என் பொண்ணு கேட்டா?"

"அவ எதுக்கு அத்தை கேக்கப் போறா?" என்று இன்ஸ்பெக்டர் சிரித்தார். மாமியார் சிரிக்கவில்லை.

அந்த நாட்டைத் தேர்ந்தெடுத்தது இன்ஸ்பெக்டர். அங்கே ஒரு ஏரி இருக்கிறது, ஏரி நடுவே ஒரு தீவு இருக்கிறது, படகில் போய் வரலாம் என்று மனைவியிடம் படம் காட்டியிருந்தார். காட்டாத படம் ஒன்று இருந்தது. அதே ஊரில் ஒரு பழைய கோபுரம். கோபுரத்துக்குள் ஒரு லிஃப்ட். அதன் இயந்திரம் முதன்முதலில் பொருத்தியபடியே, ஒரு சக்கரம்கூட மாற்றப்படாமல், இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அவர் படித்த பாடப்புத்தகத்தில் அதற்கு ஒரு முழுப் பக்கம் கொடுத்திருந்தார்கள். பரீட்சைக்கு முதல் நாள் மற்றப் பக்கங்களைப் படிக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தவர் அவர். அந்த இயந்திர அறைக்குள் இப்போது பார்வையாளர்களைச் சிறு குழுவாக விடுகிறார்கள் என்று தெரிந்த நாளிலிருந்து அவருக்கு ஏரிமேல் ஆசை வந்துவிட்டது.

போய் இறங்கிய மறுநாள் காலையே மனைவி படகுத்துறையில் நின்றாள். தண்ணீர், படத்தில் இருந்ததைவிட நன்றாகவே இருந்தது. கட்டணப் பலகையும் அப்படியே, பார்த்தவுடன் மூச்சடைத்தது.

"போலாமாங்க?"

"போலாமே! இரு, அத்தைகிட்ட நம்பர் வாங்கிட்டு வரேன்."

ஒரு தூணுக்குப் பின்னால் போய் ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டார். எந்த எண்ணையும் அழுத்தவில்லை. "அத்தை... அத்தை..." என்று இரண்டு தரம், துறை முழுக்கக் கேட்கும்படி சொன்னார். வாடிய முகத்தோடு திரும்பினார்.

"எடுக்கலை."

"அம்மாவா?"

"தூங்கறாங்க போலிருக்கு."

"இந்நேரத்துக்கா?"

"நேர வித்தியாசம் இருக்கே."

கடைத்தெருவில் அவள் ஒரு கம்பளிக் கோட்டைப் போட்டுப் பார்த்தாள். அப்போது அத்தை குளித்துக்கொண்டிருந்தார். அடுத்த கடையில் அவள் ஒரு தோல் பையைத் தோளில் மாட்டிப் பார்த்தபோது அத்தை செடிகளுக்குத் தண்ணீர் விடப் போயிருந்தார். போகப் போக அவர் நடிப்பில் மெருகு ஏறியது. காதில் வைத்த ஃபோனோடு தலையாட்டினார். உச்சுக் கொட்டினார். "மணி அடிக்குது, அடிச்சுக்கிட்டே இருக்கு, எடுக்க மாட்டேங்கறாங்க" என்று அவர் உருகிக்கொண்டிருந்த வேளையில், காதோடு ஒட்டியிருந்த அந்த ஃபோன் உண்மையாகவே மணி அடித்தது. அறைச் சாவியைக் கையோடு எடுத்துக்கொண்டு போய்விட்டீர்கள் என்று ஓட்டலிலிருந்து சொன்னார்கள்.

மனைவி அவரைப் பார்த்தாள். ஊசி குத்துமுன் நரம்பு தேடி முழங்கையின் உட்பக்கத்தைப் பார்க்கிற பார்வை.

"லைன்ல ஏதோ கோளாறு" என்றார் இன்ஸ்பெக்டர்.

"இருக்கும்" என்றாள்.

இரவு படுக்குமுன் அவள் தன் ஃபோனில் அம்மாவோடு பேசுவது வழக்கம். அன்று பேசி முடித்துவிட்டு, விளக்கை அணைக்கப் போனவள் நின்றாள்.

"அம்மா எங்கயும் நகராம அந்த ஃபோனைக் கையிலயே வச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்காங்களாம். ஏன்டி, ஒரு நம்பர்கூட வரலையே, நீங்க எதுவுமே வாங்கலையான்னு கேக்கறாங்க."

"நெட்வொர்க்" என்றார் போர்வைக்குள்ளிருந்து.

"நெட்வொர்க்" என்று அவளும் சொல்லி விளக்கை அணைத்தாள்.

இன்ஸ்பெக்டர் கோபுரத்தைக் கடைசி நாளுக்கு வைத்திருந்தார். கோபுரத்தின் அடியில் ஒரு மரபெஞ்சு கிடந்தது.

"கால் வலிக்குதுன்னியே. இப்படி உட்காரு. நான் டாய்லெட் போயிட்டு வந்துடறேன்."

"எனக்குக் கால் வலிக்கலையே."

"வலிக்கறதுக்கு முன்னாடியே உட்கார்ந்துடணும்."

பத்தடி போய் மூலை திரும்பினால் டிக்கெட் ஜன்னல். இயந்திர அறைக்குக் கடைசிக் குழு இப்போது கிளம்பப் போகிறது, ஒரே ஒரு இடம்தான் இருக்கிறது என்றாள் ஜன்னல் பெண். நோட்டுக்கட்டை எடுத்தவரைப் பார்த்துக் கூடாது என்று தலையசைத்தாள். கார்டு மட்டும்தான். கட்டணம் இரண்டு படகு டிக்கெட் அளவுக்கு இருந்தது. அவருக்கு ஒரு நொடி உறுத்தியது. அடுத்த நொடி, படகு செலவு, இது தொழில் என்று தெளிந்துவிட்டார். பின்னால் வரிசை வளர்ந்தது. வங்கித் தளத்தைத் திறந்தார். வரம்பை ஏற்றினார். ஆறு கட்டங்கள் காலியாக வந்து நின்றன. பயணத்தில் முதல் தடவையாக மாமியாரை உண்மையிலேயே கூப்பிட்டார்.

முதல் மணி முடியுமுன் எடுத்துவிட்டார் மாமியார்.

"அத்தை, நான்தான்."

"நான்தான்னா?"

"மாப்பிள்ளை அத்தை! இப்ப ஒரு நம்பர் வந்திருக்கும் பாருங்க."

"இது மாப்பிள்ளை நம்பர் இல்லையே."

"அந்த நம்பர்தான் உங்க கையில இருக்கே!"

"என் கையில என்ன இருக்குன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நான்தானே குடுத்தேன்! அத்தை, கொஞ்சம் சீக்கிரம். வரிசையில நிக்கறேன்."

"வரிசையில நிக்கறீங்க."

"ஆமா."

"அவசரம்."

"ஆமா அத்தை, ரொம்ப அவசரம்!"

"மாப்பிள்ளை சொல்லிட்டுப் போனது அப்படியே வார்த்தைக்கு வார்த்தை இருக்கு."

"வீடியோவுல வரேன். முகத்தைப் பாத்துக்குங்க."

"முகத்தையும் போட்டுக்குவீங்களாமே. அதையும்தான் சொல்லிட்டுப் போயிருக்காரு."

தான் கட்டிய பிரேக் எவ்வளவு நன்றாகப் பிடிக்கிறது என்று இன்ஸ்பெக்டருக்கு உள்ளே ஒரு பெருமைகூட எட்டிப் பார்த்தது. அதை அதட்டி உட்காரவைத்தார்.

"சரி அத்தை, கேள்வி கேளுங்க."

"உங்க கல்யாணத் தேதி?"

"பதினாலு... இல்ல, இருங்க... பதினாறு."

"எது?"

"பதினாறு."

"தப்பு. ஆனா நிஜ மாப்பிள்ளையும் தப்பாத்தான் சொல்லுவாரு. இதை விட்டுடலாம். அடுத்தது. என் சமையல்ல மாப்பிள்ளைக்குப் பிடிக்காதது எது?"

உண்மையான பதில் நீளமானது. வரிசை அதைவிட நீளமாக இருந்தது. பின்னால் நின்றவர் தொண்டையைக் கனைத்தார். இருபத்திரண்டு வருடம் காப்பாற்றிய மரியாதையை ஒரு டிக்கெட்டுக்காகக் கெடுத்துக்கொள்ளவும் மனம் வரவில்லை.

"பிடிக்காததுன்னு எதுவுமே இல்லை அத்தை. எல்லாமே அமிர்தம்."

மறுமுனையில் ஒரு நீண்ட மூச்சு.

"தம்பி" என்றார் மாமியார். நீங்கள் போய் நீ வந்துவிட்டது. "நீ எங்க மாப்பிள்ளை இல்லை. அவர் என் முன்னாடி சாப்பிடற அழகை இத்தனை வருஷமா பாத்துக்கிட்டிருக்கேன். அந்த வாயிலேர்ந்து இப்படி ஒரு வார்த்தை வராது."

"ஐயோ அத்தை! எதுலயும் உப்பே இருக்காது! காய் வேகவே வேகாது! அதைத் தின்னுட்டு நான் ராத்திரி தூங்கினதே இல்லை! போதுமா?"

ஜன்னல் பெண் திடுக்கிட்டுப் பார்த்தாள்.

"குடும்பத்துக்குள்ள நடக்கறதையெல்லாம் விசாரிச்சு வச்சுக்கிட்டுத்தான் வர்றே" என்றார் மாமியார், குரல் தழுதழுக்க. "யார்கிட்ட கேட்டு இந்தப் பொய்யையெல்லாம் கட்டினியோ, தெரியலை. குரல் படிச்ச பிள்ளை மாதிரி இருக்கு. இந்தப் பொழைப்பு வேண்டாம்பா. ஏதாவது நல்ல வேலைக்குப் போ."

வைத்துவிட்டார்.

மறுபடி கூப்பிட்டார் இன்ஸ்பெக்டர். மறுமுனை வேறு அழைப்பில் இருந்தது. யாரோடு என்று யோசித்து முடிப்பதற்குள் மூலையில் மனைவி வந்து நின்றாள், கையில் ஃபோனோடு.

"அம்மா பதறிப்போய்க் கூப்பிட்டாங்க. எவனோ உங்களை மாதிரியே பேசி நம்பர் கேட்டானாம். சமையலைப் பத்தி வேற கன்னாபின்னான்னு பேசினானாம். உங்ககிட்ட ஜாக்கிரதையா இருக்கச் சொல்லச் சொன்னாங்க."

"அது நான்தான்."

"நீங்களா? நீங்க டாய்லெட்டுல இல்ல இருந்தீங்க?"

அவள் நிமிர்ந்து கட்டணப் பலகையை வாசித்தாள். நிதானமாக, கடைசி வரிவரை.

"ரெண்டு படகு" என்றாள்.

"இது தொழில் சம்பந்தப்பட்டது. சின்ன வயசுலேர்ந்து... அந்தச் சக்கரத்தை ஒரு தடவை..."

"நம்பர்தானே வேணும்? இதோ."

ஒலிபெருக்கியைப் போட்டாள்.

"அம்மா, அந்த நம்பரைச் சொல்லு."

மாமியார் ஆறு இலக்கத்தையும் ஒரே மூச்சில் சொன்னார். பெயர் கேட்கவில்லை. தேதி கேட்கவில்லை. இன்ஸ்பெக்டரால் தாங்க முடியவில்லை.

"அத்தை! அவளை ஒரு கேள்விகூடக் கேக்கலையே!"

"யாரு அது பக்கத்துல?" என்றது ஃபோன்.

"பாத்தா அவர் மாதிரிதாம்மா இருக்கு."

"பாத்து இருடி. கைப்பையை இறுக்கிப் பிடிச்சுக்கோ."

மனைவி அவர் ஃபோனை வாங்கி ஆறு கட்டங்களையும் நிரப்பினாள். பூட்டு திறந்ததும் வரம்பை அவர் போட்டதைவிடக் கொஞ்சம் கூடவே ஏற்றிக்கொண்டாள். கைப்பையிலிருந்து இரண்டாவது கார்டை எடுத்தாள். ஜன்னல் வழியாக டிக்கெட் வந்தது. இன்ஸ்பெக்டர் கையை நீட்டினார். டிக்கெட் அவளிடமே இருந்தது.

"குடு. குழு கிளம்பப் போகுது."

"உங்களுக்கு எப்படிங்க குடுக்கறது? அம்மா என்னை நம்பித்தானே நம்பர் சொன்னாங்க. உங்களுக்குக் கிடையாதுன்னு முடிவு பண்ணிட்டாங்க. பெத்தவளை ஏமாத்தச் சொல்றீங்களா?"

"உனக்கு லிஃப்டைப் பத்தி என்ன தெரியும்?"

"ஒண்ணும் தெரியாது. அதான் பாக்கப் போறேன்." கைப்பையை அவர் மடியில் வைத்தாள். அவர் எப்போது பெஞ்சில் உட்கார்ந்தார் என்று அவருக்கே தெரியவில்லை. "சாயங்காலம் படகு. ரெண்டு பேருக்கும் எடுத்துடறேன். அதுல நீங்க வரலாம்."

குழு உள்ளே போனது. கதவு மூடிக்கொண்டது. சற்று நேரத்தில் கோபுரச் சுவருக்குள்ளிருந்து ஒரு முனகல் கிளம்பியது. சக்கரம் சுற்ற ஆரம்பித்துவிட்டது. இன்ஸ்பெக்டர் யாரும் பார்க்கிறார்களா என்று பார்த்துவிட்டு, உள்ளங்கையைச் சுவரில் வைத்தார். கல் லேசாக அதிர்ந்தது. ஏறுகிறது, இறங்குகிறது என்று கையாலேயே தெரிந்தது. கைப்பையை இன்னொரு கையால் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தார். வழியில் போன ஒரு குழந்தை அவரைப் பார்த்துவிட்டுத் தானும் வந்து சுவரில் கை வைத்தது. அதன் அம்மா இழுத்துக்கொண்டு போனாள்.

மனைவி வெளியே வந்தபோது அவள் முகம் பளிச்சென்று இருந்தது. கன்னத்தில் கறுப்பாக எண்ணெய்க் கோடு ஒன்று.

"நல்லா இருந்துதுங்க. நான்கூட என்னமோன்னு நினைச்சேன். சக்கரம் என்னைவிட உசரம். ஆனா பெரிசா சத்தமே இல்லை, பூனை மாதிரி சுத்துது. எண்ணெய் விடறவர்தான் எல்லாத்தையும் காட்டினார். தொட்டுக்கூடப் பாக்கச் சொன்னார்."

"தொட்டியா?"

"தொட்டேன்."

இன்ஸ்பெக்டர் அவள் விரல்களைப் பார்த்தார்.

"உள்ளே போனதும் முதல்ல அவர் என்ன கேட்டார் தெரியுமா? இங்க யாராவது லிஃப்ட் வேலையில இருக்கறவங்க உண்டான்னு கேட்டார். அவங்களுக்கு டிக்கெட்டே வேண்டாமாம். எந்த நாடா இருந்தாலும் ஆபீஸ் அட்டையைக் காட்டினாப் போதுமாம், குழு நிறைஞ்சிருந்தாலும் உள்ளே விட்டுடுவாங்களாம். கூடவே நின்னு ஓட்டிப் பாக்கவும் விடுவாங்களாம்."

இன்ஸ்பெக்டரின் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. அடையாள அட்டை அங்கேயே இருந்தது. அவரிடம் இருந்த அட்டைகளில் பூட்டாதது அது ஒன்றுதான்.

எழுந்துவிட்டார். "இப்பப் போய்க் கேட்டா?"

"பூட்டிட்டாங்க. இனிமே நாளைக்குத்தானாம்."

நாளைக்கு இந்நேரம் விமானத்தில் இருப்பார்கள். அவர் உட்கார்ந்தார்.

"என் வீட்டுக்காரரும் இதே வேலைதான், இன்ஸ்பெக்டர்னு சொன்னேன். அவருக்கு ஒரே ஆச்சரியம். அப்புறம் ஏன் அவர் உள்ளே வரலைன்னு கேட்டார்."

"நீ என்ன சொன்னே?"

"வெளியே உட்கார்ந்து பணத்தைப் பத்திரமாப் பாத்துக்கிட்டிருக்கார்னு சொன்னேன்."